பத்து சிக்ஸ்பென்ஸும் ஒரு குயின் காசும்

ராக் இசைக்காரர்களின் நினைவு நாணயங்களைச் சேர்க்கிறேன் என்று கிளம்பி ஆறு மாதம் ஆகிறது. கையில் இருப்பது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றிலேயே மாட்டிக்கொண்டேன்.

2020 ஜனவரியில் பிரிட்டனின் அரசு நாணயச்சாலையான ராயல் மிண்ட், இசை வரிசையை குயின் என்ற ராக் குழுவோடுதான் தொடங்கியது. அதே ஆண்டில் எல்டன் ஜான், டேவிட் போவி. பிறகு தி ஹூ, ரோலிங் ஸ்டோன்ஸ். முகமதிப்பு ஐந்து பவுண்டு, ஆனால் யாரும் கடையில் நீட்டுவதில்லை. என்னுடையது குயின், சாதாரண செம்பு-நிக்கல் ரகம். ஒரு பக்கம் எலிசபெத் ராணி, மறுபக்கம் குயின்! இதற்காகவே வாங்கலாம்.

குயின் பக்கத்தில் முகமே கிடையாது, வாத்தியங்கள் மட்டும். ஃப்ரெடி மெர்குரியின் பெக்ஸ்டைன் பியானோ, கம்போடு கூடிய அவருடைய மைக், ஜான் டீகனின் பேஸ் கிட்டார், ரோஜர் டெய்லரின் டிரம், பிரையன் மேயின் ‘ரெட் ஸ்பெஷல்’ கிட்டார். விளக்கைச் சாய்த்துப் பிடித்து லென்ஸில் பார்த்தால் பியானோவில் சில கட்டைகள் அழுந்தியிருப்பது தெரியும். ‘போஹீமியன் ராப்சடி’யின் தொடக்க சுரங்களாம் அவை. அதைச் சரியாகப் பார்க்கிறேன் பேர்வழி என்று உறையிலிருந்து எடுத்து, ராணியின் கன்னத்தில் கட்டைவிரலைப் பதித்துவிட்டேன். சுத்தமான அசிட்டோனில் முக்கி, துடைக்காமல் காற்றிலேயே உலரவிட்டேன். முக்கால்வாசி போய்விட்டது. மீதியை நோண்டவில்லை, தேய்த்திருந்தால் கீறல்தான் மிஞ்சியிருக்கும்.

ரெட் ஸ்பெஷல்தான் என்னைத் தடம் மாற்றியது. மே தன் அப்பாவோடு சேர்ந்து, பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தை அறுத்துக் கையால் செய்த கிட்டார் அது. அதை, தந்தி மீட்டும் சின்ன வில்லையான பிளாஸ்டிக் பிக்கால் வாசிக்காமல் சிக்ஸ்பென்ஸ் காசால் வாசிப்பார். சிக்ஸ்பென்ஸ் என்றால் பிரிட்டனின் பழைய ஆறு பென்ஸ் காசு, அரை ஷில்லிங். 1980-இலேயே செல்லாமல் போன காசு. 1993-இல் அவருடைய சுற்றுப்பயணத்துக்கென்றே ராயல் மிண்ட் சிக்ஸ்பென்ஸ் அடித்துக் கொடுத்திருக்கிறது. ஆக, காசின் மேல் கிட்டார் இருக்கிறது. அந்தக் கிட்டாரை மீட்டுவதும் காசுதான். விடுவேனா? தேய்ந்த சிக்ஸ்பென்ஸ் பத்தை மொத்தமாக வாங்கினேன். எல்லாம் 1947-க்குப் பிந்தியவை, அதாவது வெள்ளி இல்லாதவை.

வந்தவுடன் தராசில் வைத்தேன். குயின் 28.28 கிராம் இருக்க வேண்டும். என் சின்னத் தராசு 28.3 காட்டியது. பத்து சிக்ஸ்பென்ஸையும் அடுக்கினேன்: 27.8. பக்கத்தில் வந்துவிட்டதே என்று யோசித்தபோதுதான் பொறி தட்டியது. இந்த ஐந்து பவுண்டு, பழைய ஐந்து ஷில்லிங் ‘கிரவுன்’ காசின் வாரிசு. ஐந்து ஷில்லிங்குக்குப் பத்து சிக்ஸ்பென்ஸ். வெள்ளி நாளில் மதிப்பு எத்தனை மடங்கோ எடையும் அத்தனை மடங்கு. உலோகம் மாறியும் அந்தக் கணக்கை யாரும் கலைக்கவில்லை. புதுசில் ஒரு சிக்ஸ்பென்ஸ் 2.83 கிராம். குறைகிற அரை கிராம், எத்தனையோ சட்டைப் பைகளில் தேய்ந்துபோனது.

வாசித்துப் பார்த்ததைச் சொல்ல வேண்டுமே. காசு வளையாது, அதனால் விரல் தப்புசெய்தால் அப்படியே கேட்டுவிடுகிறது. விளிம்பை லேசாகத் திருப்பினால் பற்கள் தந்தியில் உரசி, மெய்யெழுத்து உச்சரிப்பதுபோல ஒரு ‘க்ர்’ வருகிறது. அந்த உரசலுக்காகத்தான் மேயும் காசைப் பிடிக்கிறார். என்னுடையதோ அகூஸ்டிக் கிட்டார். இரண்டாம் நாள் காசு வழுக்கி நேராக ஓட்டைக்குள் விழுந்தது. கிட்டாரைக் கவிழ்த்துக் கால்மணி நேரம் குலுக்கினேன். வெளியே வந்தது போன வருடம் தொலைந்த ஒரு பிளாஸ்டிக் பிக்.

காசு மறுநாள்தான் விழுந்தது. இப்போது பெட்டியில் ஒன்பது. பத்தாவது கிட்டார் உறையில். அடுத்து போவியை வாங்கலாம் என்றிருக்கிறேன், ஒரு ஜோடிக் கையுறையோடு.