குளிரறைக் கதவில் ஒரு வாக்கெடுப்பு

கனடாவை விட்டுப் பிரிவதா என்று அதன் பிரெஞ்சு மொழி மாகாணமான கியூபெக்கின் மக்கள் 1995 ஒக்டோபர் 30 அன்று வாக்களித்தார்கள். அந்த வருடம் நான் மொன்றியலில் ஒரு உணவகக் குசினியில் வேலை. கோப்பை கழுவுகிற இடத்திலிருந்து மரக்கறி வெட்டுகிற மேசைக்கு மாறியிருந்தேன். எங்கள் செஃப் பிரெஞ்சு பேசுகிற உள்ளூர்க்காரர், 'ஓம்' பக்கம். சாப்பாடு பரிமாறுகிற வயதானவர் ஆங்கிலக்காரர், 'இல்லை' பக்கம். இருவரும் வாய் திறந்து வாதாடத் தொடங்கினால் சாப்பாடு வெளியே போகாது. ஆகவே வாதம் குளிரறைக் கதவில் நடந்தது. பத்திரிகையில் வெட்டிய கேலிச்சித்திரங்களை ரேப் போட்டு ஒட்டுவார்கள்.

அந்தக் கோடையில் சிங்க இறால்தான் எங்கும். 'ஓம்' வென்றுவிட்டால் கியூபெக்காரர் கொதிநீரில் போட்ட சிங்க இறால்போல, தப்ப முடியாமல் ஆகிவிடுவார்கள் என்று, 'ஓம்' பக்கத்தை நடத்திய கியூபெக் முதலமைச்சர் ஜாக் பரிஸோ வெளிநாட்டுத் தூதர்களிடம் சொன்னதாகச் செய்தி வந்தது. நாங்கள் தினமும் உயிரோடு அவிக்கிற பிராணி அது. அதை வரைந்த கேலிச்சித்திரம் கதவில் வந்தது; பார்த்தவுடனேயே எல்லாருக்கும் விளங்கியது. செஃப்பும் சிரித்தார்.

வயதானவர் வீட்டிலிருந்து ஒரு பழைய படம் கொண்டுவந்தார். 1976இல் பிரிவினைக் கட்சி ஆட்சியைப் பிடித்தபோது 'மொன்றியல் கசெட்'டில் எய்ஸ்லின் வரைந்தது. கையில் சிகரெட்டோடு அந்தக் கட்சியின் தலைவர் ரெனே லெவெக், எல்லாரும் ஒரு வாலியம் (பதற்றம் தணிக்கிற குளிசை) போடுங்கோ என்கிறார். ஆங்கிலப் பத்திரிகைதான், ஆனாலும் அடி விழுவது ஆங்கில வாசகரின் பீதியில். அதனால்தான் செஃப் அதைக் கிழிக்கவில்லை என்று நினைக்கிறேன். பதிலுக்கு அவர் நகைச்சுவையாளர் இவோன் தேஷாமின் பழைய பகிடியைச் சொன்னார்: கியூபெக்காரருக்குத் தேவை பலமான கனடாவுக்குள் ஒரு சுதந்திரக் கியூபெக். 1995 வாக்குச்சீட்டும் அப்படித்தான் இருந்தது. கனடாவோடு புதிய கூட்டொன்றை முன்மொழிந்த பிறகு கியூபெக் இறைமை பெறச் சம்மதமா என்று கேட்டது. தங்கள் ஆட்களின் தடுமாற்றத்தைத் தாங்களே சிரிக்கிற பகிடிகள்தான் அந்தக் கதவில் நிலைத்தன. மற்றவனை மிருகமாக வரைந்தவை மத்தியானத்துக்குள் காணாமற் போகும்.

முடிவு 50.58க்கு 49.42. 'இல்லை' தப்பியது. அன்றிரவு பரிஸோ, தங்களைத் தோற்கடித்தது பணமும் இனக்குழு வாக்குகளும், அதாவது வந்து குடியேறியவர்களின் வாக்குகளும், என்றார். மறுநாள் பதவி விலகுவதாக அறிவித்தார். குசினியில் நாங்கள் இரண்டு தமிழர், ஒரு ஹெயிட்டிக்காரர். மூவருக்கும் அப்போது குடியுரிமை கிடைத்திருக்கவில்லை.

வெங்காயம் உரித்துக்கொண்டே ஹெயிட்டிக்காரர் செஃப்பிடம் கேட்டார்: "எங்களிட்ட காசும் இல்லை, வாக்கும் இல்லை. பிறகு எப்படித் தோற்கடிச்சனாங்கள்?"

செஃப் சிரிக்கவில்லை. பரிஸோ சொன்னது பிழை என்று மட்டும் சொன்னார், எங்கள் மூவரையும் பார்த்து. அந்த வாரம் பரிஸோவை வைத்துப் படங்கள் நிறைய வந்தன, வரத்தான் வேண்டும். ஆனால் அந்த ஹெயிட்டிக்காரரின் கேள்வியை வரைந்த ஒரு படத்தையும் நான் காணவில்லை. எனக்கு அது இன்றும் குறைதான்.