மேற்கோள் பட்டியலைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீங்க

முதுகலை ஆய்வேட்டில் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஆய்வு இல்லை, மேற்கோள் பட்டியல்தான். ஜோட்டெரோ, படித்த கட்டுரைகளின் விவரங்களைச் சேமித்து மேற்கோள் பட்டியலைத் தானே தொகுத்துத் தரும் இலவச மென்பொருள். முதல் கட்டுரையைத் தரவிறக்கும் அன்றைக்கே அதை நிறுவிடுங்க.

பிடிஎஃப்பை உள்ளே இழுத்துவிட்டால், அதிலுள்ள டிஓஐ எண்ணைக் (ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரைக்கும் உரிய தனி அடையாள எண்) கொண்டு ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாம் பெரும்பாலும் தானே நிரம்பிடும். பழைய ஸ்கேன் பிரதிகளில் இது நடக்காது. வெறும் படமாக இருப்பதால் வெறுங்கோப்பாக நிற்கும். அப்போ மந்திரக்கோல் பொத்தானை அழுத்தி டிஓஐ எண்ணையோ, புத்தகமானால் அதன் ஐஎஸ்பிஎன் எண்ணையோ கொடுங்க. வந்த விவரத்தையும் ஒருமுறை பார்த்துடுங்க. முன்னெழுத்து போட்ட பெயர்களில் அந்த ஒற்றை எழுத்து குடும்பப்பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்து, அகர வரிசையையே குலைச்சிடும்.

ஜோட்டெரோ வழியாக வேர்டில் வந்த மேற்கோளைக் கையால் திருத்தவே திருத்தாதீங்க. திருத்தியதை அப்படியே வைத்துக்கொண்டால் அந்த மேற்கோள் பிறகு தானாக மாறாது. பக்க எண் வேணும்னா மேற்கோளைத் திறந்து, அதன் பெட்டிக்குள்ளேயே சேருங்க.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: நெறியாளர் அந்த வேர்டு கோப்பை கூகுள் டாக்ஸில் திருத்தித் திருப்பி அனுப்பினால் ஜோட்டெரோவுடனான இணைப்புகள் அறுந்து, மேற்கோள்கள் வெறும் எழுத்தாகிடும். அதனால் அவருக்குப் பிடிஎஃப் அனுப்பி, திருத்தங்களை உங்கள் மூலக்கோப்பில் நீங்களே ஏற்றுங்க.

ஜோட்டெரோ இணையத்தில் தரும் இலவச சேமிப்பிடம் 300 எம்பி. அது நிறைந்ததும் நூல் விவரங்கள் மட்டும் உங்கள் கணினிக்கும் இணையத்துக்கும் இடையே ஒத்திசையும், புதுப் பிடிஎஃப்கள் மேலே ஏறாது. ஒத்திசைவு காப்புப் பிரதியும் ஆகாது. கணினியில் அழித்தது இணையத்திலும் அழியும். வாரம் ஒருமுறை மென்பொருளை மூடிவிட்டு, அதன் தரவுக் கோப்புறையை அப்படியே வெளி வட்டில் நகலெடுங்க.