எள்ளளவு மரவட்டை

ஐப்பசி மழை பிடித்ததும் மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு வாசலில் ரயில் பூச்சி, அதாவது மரவட்டை, ஊர ஆரம்பித்துவிடும். தொட்டால் சுருண்டு கிடக்கும். கடிக்காது. "கொல்லாதேப்பா, அது பாட்டுக்குப் போகுது" என்பார் அப்பத்தா.

இன்று கொல்லையில் பூவரசின் காய்ந்த பட்டையைப் பெயர்த்தபோது எள்ளளவில் ஏதோ நகர்ந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் உடம்பெல்லாம் வரிசை வரிசையாக மயிர், வாலில் வெள்ளைக் குஞ்சம்! கம்பளிப்பூச்சிக் குஞ்சு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் தேடிப் படித்தேன். பாலிக்சீனிடே என்ற மரவட்டைக் குடும்பத்தின் அதே சாயல். வளர்ந்தாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், கால்கள் பெரும்பாலும் 13 ஜோடி.

மற்ற மரவட்டைகளுக்கு உள்ள கெட்டி ஓடு இவற்றுக்கு இல்லை. விஷமும் கிடையாது. எறும்பு வந்தால் என்ன செய்யும்? வால் குஞ்சத்தை அதன் மேல் தேய்த்துவிடும். கொக்கி முனையுள்ள மயிர்கள் கழன்று எறும்பின் வாயிலும் காலிலும் ஒட்டிக்கொள்ளும். துடைக்கத் துடைக்க இன்னும் சிக்கும். எவ்வளவு அழகான தற்காப்பு!

குடியிருப்பு மரப்பட்டை இடுக்கு, சருகு, கல்லுக்கடி. ஐரோப்பாவில் கடலோரப் பாறைகளிலும் இருக்கின்றன. சாப்பாடு பாசியும், பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் லைக்கனும். நாம் குழம்பில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான்.

பட்டையை இருந்த இடத்திலேயே பொருத்தி வைத்துவிட்டேன். கொல்லையைக் கூட்டிச் சருகு எரிப்பவர்கள், மரத்தடியில் கொஞ்சம் விட்டுவையுங்கள்.