ஒன்பது பார், பதினெட்டு லட்சம்

தங்கச்சியும் இந்த வருடம் தன் லீஃப் மின்சாரக் காரைக் கொடுத்து மாற்றப் போகிறாள். போனில் நான் சொல்வதெல்லாம் அவளுக்கு மறந்துபோகிறதாம். அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது 2014 நிசான் லீஃப், ஜப்பானில் ஓடி ரீகண்டிஷனாக வந்தது. 2017இல் வாங்கினோம். 2022இல் கொழும்பே பெற்றோல் வரிசையில் நின்றபோது, நான் வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் வயரை மாட்டிவிட்டு நித்திரை கொண்டேன். (அதுவும் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான். அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்டை வெட்டினார்கள்.) அந்த விசுவாசத்தில்தான் இவ்வளவு காலம் வைத்திருந்தோம். ஆனால் கட்டுநாயக்க போய்த் திரும்பினால் பற்றரியில் 10 சதவீதம்தான் மிஞ்சுகிறது என்றானபிறகு, விமான நிலையப் பயணம் ஒவ்வொன்றும் நெஞ்சிடியாகிவிட்டது.

புது வண்டி எடுக்கும் இடத்திலேயே பழையதைக் கொடுத்து எக்ஸ்சேஞ்ச் செய்யலாம் என்று போனோம். மதிப்பிட வந்த பையன் வண்டியை ஒன் பண்ணினான், டாஷ்போர்டின் வலது ஓரத்தில் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் சின்னக் கோடுகளை, அதாவது பார்களைப் பார்த்தான், ஓஃப் பண்ணினான். "ஒன்பது பார்தானே மிஸ். பதினெட்டு." முழுதாக மூன்று நிமிடம் ஆகியிருக்காது. போன மாதம் போட்ட நாலு புது ரயரை அவன் குனிந்தும் பார்க்கவில்லை. பேரம் முழுவதும் என் கணவரோடு. வண்டி என் பெயரில், ஓட்டுவது நான், அவருக்கு லைசன்ஸே இல்லை.

பற்றரியைப் பார்த்தது பிழையில்லை. இந்த வண்டியில் விலை என்றால் பற்றரிதான். ஆனால் அந்தப் பார்களுக்கு ஒரு கணக்கு உண்டு. மொத்தம் 12. முதல் பார் விழும்போதே கொள்ளளவில் ஏறத்தாழ 15 சதவீதம் போயிருக்கும். அதற்குப் பிறகு பாருக்கு 6 சதவீதம் சொச்சம். ஆக ஒன்பது பார் என்றால் 72இலும் இருக்கலாம், 67இலும் இருக்கலாம். எட்டாகப் போகிற ஒன்பதும் இப்போதுதான் விழுந்த ஒன்பதும் அவனுக்கு ஒரே பதினெட்டுத்தான்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு ஓபிடி டொங்கிள் வாங்கினேன், வண்டியின் கணினியைப் போனோடு இணைக்கும் சின்னக் கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, போனில் லீஃப் ஸ்பை அப்பைத் திறந்தால் எல்லாம் தெரியும். பற்றரி ஆரோக்கியம் 71.6 சதவீதம். உள்ளே 96 செல் ஜோடிகள்; சார்ஜ் குறைவாக இருந்த நேரத்தில் பார்த்தும் அவற்றுக்குள் வித்தியாசம் 24 மில்லிவோல்ட்தான். ஒரு ஜோடி மட்டும் படுத்திருந்தால் முழு வண்டியையும் அது இழுத்து விழுத்தும். எங்களுடையதில் அப்படி ஒன்றும் இல்லை. ஃபாஸ்ட் சார்ஜ் போட்ட தடவைகளும் குறைவு. எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கடதாசியில் அச்சடித்தேன்.

இன்னொன்று. சிலர் பற்றரி கணினியை ரீசெட் செய்து 12 பார் காட்டி விற்றுவிடுகிறார்கள். சில கிழமை ஓடியதும் பார்கள் பழையபடி இறங்கும். அப்படிப்பட்ட வண்டியில் சார்ஜ் எண்ணிக்கையும் வயதுக்குப் பொருந்தாமல் குறைவாக நிற்கும். வாங்குகிறவன் பாரை நம்பாததற்கு அவனிடமும் நியாயம் இருக்கிறது.

கடதாசியோடு அதே இடத்துக்குப் போனேன். மனேஜர் வந்தார், 21 என்றார். அப்பாடா என்று இருந்தது. வீட்டுக்கு வந்து புது வண்டியின் விலைத்தாளை எடுத்துப் பார்த்தால், முதலில் தருவதாகச் சொன்ன 2 லட்சம் கழிவைக் காணோம்! மூன்றைக் கூட்டி இரண்டை உருவிவிட்டார்கள். கணக்காளராக 19 வருடம் வேலை செய்கிறவளிடம். தங்கச்சி, அவர்கள் பழைய வண்டிக்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்காதே. "நான் மேலே எவ்வளவு வைக்க வேண்டும்?" என்று அந்த ஒரு தொகையை மட்டும் கேள். எழுத்தில் கேள்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய வண்டிக்கு இருந்த மவுசு, 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகு இல்லை. அதனால் 25 தா என்று அடம்பிடிக்க எனக்கும் மனம் வரவில்லை. நேரே விற்றிருந்தால் கொஞ்சம் கூடக் கிடைத்திருக்கும். ஆனால் ஞாயிறுதோறும் ஆட்கள் வந்து கேற்றைத் தட்டிக்கொண்டிருப்பார்கள், அதை நினைத்தாலே அலுப்பு.

கடைசியில் இன்னோர் இடத்தில் 22க்குப் போனது, கழிவும் கை வைக்கப்படாமல். அங்கே மதிப்பிட்ட தம்பி தமிழ்ப் பையன். தானே டொங்கிளைச் செருகி, என் கடதாசியை வரி வரியாக ஒத்துப் பார்த்தான். எல்லாம் முடிந்து சாவியைக் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டான்: "அக்கா, உங்கட டொங்கிள் எந்தக் கடையில வாங்கினது? எங்கட அடிக்கடி கனெக்ட் ஆகுதில்ல."