கருவி இருக்கும் இடத்திலேயே குறிப்பும் இருக்கட்டும்

சர்வர் பராமரிப்பில் வட்டின் நலம் பார்க்கும் ஸ்மார்ட்சிடிஎல், சர்வரின் வன்பொருளைக் கவனிக்கும் ஐபிஎம்ஐடூல் போன்ற கருவிகளால் தொல்லை இல்லை. லினக்ஸோடு வரும் பேக்கேஜ்கள் என்பதால் உரிய இடத்தில் போய் உட்கார்ந்துவிடும், மேன் பக்கமும் (man கட்டளையால் திறக்கும் கையேடு) கூடவே வரும். பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டுக்கான ஸ்டார்சிஎல்ஐ போன்றவை வேறு. அது /ஆப்ட்/மெகாரெய்டு/ஸ்டார்சிஎல்ஐ என்ற டைரக்டரிக்குள் போய்விடும். வெளியிலிருந்து வரும் மென்பொருளுக்கு /ஆப்ட் முறையான இடம்தான், ஆனால் நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் அங்கே தேடாது. ஷெல் தேடும் டைரக்டரிகளின் பட்டியலான பாத்தில் சேர்த்தாலும், நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் சுடோ தனக்கென்று வைத்திருக்கும் பாதையைத்தான் பார்க்கும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானும் அப்படித்தான்.

அதனால் கருவியை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, /யூஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின்னில் அதைச் சுட்டும் ஒரு சிம்லிங்க் (குறுக்கு இணைப்பு) போடுகிறோம். டெபியனில் சுடோவுக்கு இதுவே போதும். ரெட்ஹேட் வகைகளில் அந்த இடம் சுடோவின் பாதையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடத்தைவிடக் குறிப்புதான் எனக்கு முக்கியம். ஒரு வட்டு பழுதாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட்சிடிஎல்லுக்கு மெகாரெய்டு என்று சொல்லி ஓர் எண் தருகிறோமே, அது வட்டு செருகியிருக்கும் ஸ்லாட்டின் எண் அல்ல. கார்டு அந்த வட்டுக்குக் கொடுத்த டிவைஸ் ஐடி. ஸ்டார்சிஎல்ஐயிடம் அதே வட்டின் விளக்கை மினுக்கச் சொல்ல என்க்ளோஷர் (வட்டுகள் இருக்கும் பெட்டி) எண்ணும் ஸ்லாட் எண்ணும் வேண்டும். ஸ்டார்சிஎல்ஐ தரும் பட்டியலில் டிவைஸ் ஐடியும் இவையும் பக்கத்துப் பக்கத்து நெடுவரிசைகளில் வரும். தூக்கக் கலக்கத்தில் ஒன்றை மற்றொன்றாகப் படித்து, ஏற்கெனவே ஒரு வட்டு போன ரெய்டு 5-இல் (இது ஒரு வட்டு போவதை மட்டுமே தாங்கும்) நல்ல வட்டை உருவிவிட்டால் மொத்த வரிசையும் விழுந்துவிடும். தயாரிப்பாளரின் கையேட்டில் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் விளக்கம் உண்டு. ஆனால் டிவைஸ் ஐடியையும் ஸ்லாட் எண்ணையும் அருகருகே வைத்து, கையை வைக்குமுன் எச்சரிக்கும் பக்கம் வேலை செய்கிறவர்கள்தான் எழுத வேண்டும்.

அதை எங்கே வைப்பது? விக்கியில் அழகாக இருக்கும். ஆனால் நெட்வொர்க் விழுந்த இரவில் கையில் இருப்பது சர்வரோடு தனிக் கம்பியில் பேசும் சீரியல் கன்சோல் மட்டுமே. அதனால் எங்கள் குறிப்புகளை மேன் பக்கங்களாகவே எழுதி, நிர்வாகக் கட்டளைகளுக்கான 8-ஆம் பிரிவில் வைத்திருக்கிறோம்.

பக்கத்தின் பெயரும் கருவியின் பெயராக இருக்கக் கூடாது என்பேன். எச்பி ரெய்டு கார்டுகளுக்கான எச்பிஏசியூசிஎல்ஐ பிறகு எச்பிஎஸ்எஸ்ஏசிஎல்ஐ ஆனது, அப்புறம் எஸ்எஸ்ஏசிஎல்ஐ ஆனது. வட்டு மாற்றுகிற வேலை அப்படியேதான் இருக்கிறது. ஆகவே ‘வட்டு மாற்றம்’ என்றே பெயர் வையுங்கள். சிம்லிங்கையும் மேன் பக்கத்தையும் ஒரே பேக்கேஜாகக் கட்டி, கருவியின் பதிப்பு மாறும்போது இரண்டையும் சேர்த்தே சரிபார்த்து வெளியிடுங்கள்.