இடுப்பெலும்பு முறிந்த ஆச்சிகளிடம் கேட்க வேண்டியவை

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகச் சென்று இயன்முறை சிகிச்சை அளிப்பது என் தொழில். இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் முதியவர்களை மீண்டும் நடக்கவைப்பதே அதில் பெரும்பங்கு. அவர்களுடைய மருத்துவக் கோப்பில் வயது, சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் முடிவு எல்லாம் இருக்கும். ஆனால் அவர் எப்படிப்பட்ட வீட்டில் பிறந்தார், எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினார்கள், எந்தக் கவலையோடு நடுவயதைக் கழித்தார் என்பவை அதில் இருப்பதில்லை. அவற்றைக் கேட்காமல் ஒருவரின் எலும்பைப் புரிந்துகொள்ள முடியாது என்ற எண்ணம் எனக்கு ஆண்டுக்கு ஆண்டு வலுப்பட்டு வருகிறது.

எலும்பு உயிருள்ள திசு. பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் அதில் ஓயாமல் வேலை செய்கின்றன; ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் நம் எலும்புக்கூடு முழுவதும் புதிதாகிவிடுகிறது. இந்தக் கட்டுமானத்தில் பெரும்பகுதி இளமையிலேயே முடிந்துவிடுகிறது. பெண்களுக்கு 18 வயதை ஒட்டி, எட்டக்கூடிய எலும்புத் திண்மையில் சுமார் 90 விழுக்காடு வரை சேர்ந்துவிடும். முப்பது வயதுக்குப் பிறகு சேர்ப்பது அரிது. இருப்பதைக் காப்பதுதான் வேலை. மாதவிடாய் நின்றபின், எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால், அடுத்த 5 முதல் 7 ஆண்டுகளுக்குள் 20 விழுக்காடு வரைகூட இழப்பு நேரலாம். இளமையில் குறைவாகச் சேர்த்தவருக்கு அந்த இழப்பைத் தாங்கும் இருப்பு இல்லை.

இன்று எண்பத்தைந்தை ஒட்டிய வயதில் இருக்கும் ஆச்சிகளின் இளமை எது என்று எண்ணிப் பாருங்கள். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது அங்கே நடத்திவந்த தொழிலை அப்படியே விட்டுவிட்டு ஊர் திரும்பிய செட்டியார் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். சுதந்திர பர்மாவில் செட்டியார்களின் நிலங்கள் அரசுடைமையாயின. 1960-களில் மிச்சமிருந்ததும் போயிற்று. வெளியே தேக்குத் தூணும் பளிங்குத் தரையுமாக நின்ற எத்தனையோ வீடுகளின் அடுப்படியில் அந்த ஆண்டுகளில் பற்றாக்குறை நிலவியது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு வந்து சேர்ந்த கதவுகளும் தூண்களும் அந்தச் சரிவின் சாட்சிகள். "பாலெல்லாம் ஆம்பளைப் பிள்ளைகளுக்குத்தான். நாங்க மோரைக் குடிச்சுட்டு எந்திரிச்சிருவோம்" என்று ஓர் ஆச்சி என்னிடம் சொன்னார். இதே விதமாகப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இளமை நிலைமையின் தடம் முதுமையின் எலும்பில் தெரியும் என்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. அமெரிக்காவில் நடுவயதினரை நீண்டகாலம் பின்தொடரும் மிடஸ் ஆய்வின் தரவுகளைக் கொண்டு, கரோலின் கிராண்டாலும் அவருடைய குழுவினரும் 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். குழந்தைப் பருவத்தில் வசதியாக வளர்ந்தவர்களுக்கும் கூடுதலாகப் படித்தவர்களுக்கும் முதுகெலும்பின் அடர்த்தி அதிகமாக இருந்தது. ஆனால் இப்போது கையில் இருக்கும் பணத்துக்கும் அந்த அடர்த்திக்கும் தொடர்பு காணப்படவில்லை. அயல்நாட்டு முடிவை நம் ஊருக்கு அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆயினும், பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து எவ்வளவு அனுப்பினாலும் ஆச்சியின் எலும்பு ஏன் தேறவில்லை என்று கேட்கும் குடும்பங்களுக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

நடுவயதின் கவலை வேறு வழியில் எலும்பைத் தொடுகிறது. மனம் நீண்ட காலம் நெருக்கடியில் இருக்கும்போது உடலில் கார்டிசால் என்னும் ஹார்மோன் உயர்ந்தே இருக்கக்கூடும். அது எலும்பைக் கட்டும் செல்களை அடக்குகிறது. உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சுவதையும் குறைக்கிறது. நெருக்கடியில் உடலை உசுப்பிவிடும் பரிவு நரம்பு மண்டலமும் எலும்பு வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது என்பதை எலும்பு ஆய்வாளர் ஜெரார்ட் கார்சென்டியின் குழுவினர் எலிகளில் காட்டினர். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதும் பல ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. இவற்றோடு பசியும் தூக்கமும் போய், வெளியே நடமாடும் ஆசையும் அற்றுப்போனால், எலும்பு எல்லாப் பக்கமிருந்தும் இழக்கிறது.

உறவுகளின் உரசலும் இதில் அடக்கம். மாதவிடாய் நின்ற 11,020 அமெரிக்கப் பெண்களை ஆறு ஆண்டுகள் கவனித்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், சுற்றியிருப்பவர்கள் அளவுக்கு மீறி எதிர்பார்ப்பது, ஒதுக்கிவைப்பது போன்ற உறவுச் சுமை அதிகமாக இருந்தவர்களுக்கு எலும்பு இழப்பும் அதிகமாக இருந்தது. வயது, உடல் எடை, புகைப்பழக்கம் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னும் அந்தத் தொடர்பு நீடித்தது. மிடஸ் தரவுகளைக் கொண்ட மற்றோர் ஆய்வில், கணவரின் ஆதரவைக் கூடுதலாக உணர்ந்த பெண்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி அதிகமாக இருந்தது. கணவர் கடல் கடந்து கொண்டுவிற்கப் போய்விட, கடிதத்தை எதிர்பார்த்து, ஒரே வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய வீட்டுப் பகுதியில், பல அடுப்புகளுக்கிடையே பேச்சுகளைத் தாங்கி ஆண்டுகளைக் கழித்த நம் பெண்களை, நான் அறிந்தவரை, யாரும் அப்படி அளந்து பார்த்ததில்லை. அளக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையிலும் கட்டட வேலையிலும் உழைத்து முதுமை எய்திய பெண்களின் கதையைத் தனியே எழுத வேண்டும். சுமை தூக்கும் உழைப்பு எலும்பை வலுவாக்கும் என்பது சரியே. ஆனால் அரைவயிற்றுச் சாப்பாடும், அடுத்தடுத்த பிரசவங்களும், கடனும், குடிக்கும் கணவரும் அந்த வலுவைத் தின்றுவிடுகின்றன. டெக்சா ஸ்கேன் அவர்களுக்கு எட்டுவதே இல்லை.

இப்போதைய பெரிய துன்பம் தனிமை. முகப்பிலிருந்து அடுப்படி வரை நீளும் வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கும் ஆச்சி, "எனக்கு ஒருத்திக்கு என்னத்தைச் சமைக்கிறது?" என்று காலையில் வைத்த ரசத்தை இரவு வரை வைத்துக்கொள்கிறார். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அவர் வெளியே வராததால் வைட்டமின் டி குறைகிறது. வளவின் படியில் ஒருமுறை சறுக்கியபின், விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் நடையைக் குறைக்கிறார்; நடை குறைய, தசையும் எலும்பும் தளர்ந்து, அடுத்த வீழ்ச்சி நெருங்குகிறது. வீட்டில் பொருத்திய கேமரா அவர் விழுந்ததைக் காட்டும்; விழாமல் பிடிக்காது.

மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரைக்கு மருந்து உண்டு. மருத்துவர் சொன்ன காலம் வரை அதை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்தது. 100 கிராம் கேழ்வரகிலேயே 350 மில்லிகிராமை ஒட்டிக் கிடைக்கும். ஆனால் அந்தக் கூழைக் காய்ச்சவும் குடிக்கவும் ஒருவருக்கு மனம் வேண்டும்.

அதனால் இயன்ற இடங்களில் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு மூன்று பேரை ஒரே திண்ணையில் சேர்த்துப் பயிற்சி தரத் தொடங்கியிருக்கிறேன். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, தெருமுனை வரை நடப்பது என எளிய பயிற்சிகளே. தனியாகச் செய்யச் சொன்னால் சில நாட்களில் கைவிடுபவர்கள், பக்கத்து வீட்டு ஆச்சி வந்து காத்திருப்பார் என்பதற்காக வெளியே வருகிறார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் இதற்கு உதவ முடியும்: படியோரம் ஒரு கைப்பிடி போடச் செய்யுங்கள், ஈரம் படும் தரைக்கு வழுக்காத விரிப்பு வாங்குங்கள், தாயாரை மாலையில் பக்கத்து வீட்டுக்கு அழைத்துச் சென்று வரும் ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள்.