மூன்று மாதக் கெடு

நவம்பர் 8, 2024, வெள்ளி

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. பொது இடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்குத் தடையின்றி இருக்க வேண்டும் என்று, பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கு. தலைமை நீதிபதி சந்திரசூட்டின் கடைசிப் பணிநாளான இன்று, அவர் தலைமையிலான அமர்வு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் விதிகள், 2017-இன் 15(1)-ஆம் விதியைச் செல்லாது என்று அறிவித்திருக்கிறது. மாலை முழுவதும் கைப்பேசி ஓயவில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் கறாராகத்தான் பேசுகிறது. தடையற்ற சூழலுக்கான தரத்தைப் பின்பற்றாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்று கிடையாது என்கிறது 44-ஆம் பிரிவு. பழைய பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் மாற்றியாக வேண்டும் என்கிறது 45. அந்தக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துபோயிற்று. மீண்டும் மீண்டும் மீறினால் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் எது தரம் என்று வரையறுக்க வேண்டிய அந்த 15(1)-ஆம் விதியோ, வழிகாட்டுக் குறிப்புகளைச் சுட்டிக்காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. வெறும் பரிந்துரையை மீறியதற்கு யாருக்கு அபராதம் போட முடியும்? பல் பிடுங்கிய பாம்பைத்தான் ஏழாண்டுகளாக எங்கள் கையில் கொடுத்திருந்தார்கள்.

கட்டாய விதிகளை வகுக்க ஒன்றிய அரசுக்கு மூன்று மாதம். பிப்ரவரி 8-க்குள் வர வேண்டும்.

நவம்பர் 12, செவ்வாய்

வாரிசுச் சான்றுக்காக ஓர் அரசு அலுவலகம் போனேன். தோழியின் தம்பியும் வந்தான், அளவு நாடாவுடன். வாசல், தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற கணக்கில் சாய்தளம் 540 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், இருப்பது 210. அதன்மேல் வழுவழுப்பான கிரானைட். கைப்பிடி ஒரே பக்கம், அதுவும் ஆடுகிறது. உச்சியில் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. அதைத் திறக்க என் சக்கர நாற்காலியைப் பின்னால் தள்ள வேண்டும்; பின்னால் இருப்பதோ சரிவு. இதை வரைந்தவர், ஒப்பமிட்டவர், கட்டியவர் மூவரில் ஒருவர்கூட ஒரு நாற்காலியை உருட்டிப் பார்க்கவில்லை.

"அக்கா, நாலு பேர் தூக்கிவிடுகிறோம், கவலைப்படாதீர்கள்" என்றார் காவலாளி. அன்பாகத்தான் சொன்னார். தூக்குகிறவர்களின் கை என் உடம்பில் எங்கே படும் என்பதை நான் தீர்மானிக்க முடிவதில்லை. 'வியாழக்கிழமை வாருங்கள்' என்று உள்ளே சொன்னால், வியாழனன்றும் நாலு பேரைத் தேட வேண்டும். அன்பு விடுப்பில் போகிற நாளிலும் எனக்கு அலுவலகத்தில் வேலை இருக்கும்.

சுவரில் திறப்புவிழாக் கல்வெட்டு: 2019. சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு கட்டியது! நிறைவுச் சான்று கொடுத்தது யார், எந்தத் தேதியில்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். தையல் இயந்திரம், மூன்று சக்கர வண்டி வழங்கினார்கள். தேவைதான், மறுக்கவில்லை. தீர்ப்பைப் பற்றி மேடையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

தகவல் மனுவுக்குப் பதில் வந்தது: "தாங்கள் கோரும் விவரங்கள் இவ்வலுவலகக் கோப்புகளில் இல்லை." முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கிறது.

1995-இல் இதே நாளில்தான் மாற்றுத்திறனாளி உரிமைப் போராளி ஜாவேத் அபிதியும் தோழர்களும் தில்லியில் நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் சட்டம் அந்தக் கூட்டத்தொடரிலேயே நிறைவேறியது. 2001-இல் ஸ்டீபன் ஹாக்கிங் தில்லி வந்தபோது, குதுப் மினாரில் மரப்பலகைச் சாய்தளம் வைக்கச் செய்ததும் அபிதியின் விடாப்பிடிதான். உலகம் அறிந்த விருந்தாளிக்கு ஒரு நாள் கிடைத்த வழி, உள்ளூர்க்காரிக்கு அன்றாடம் கிடைக்க வேண்டும். சட்டத்தில் நான் கேட்பது அவ்வளவுதான்.

டிசம்பர் 28, சனி

புதிய கட்டாய விதிகளில் என்ன இருக்க வேண்டும் என்று தில்லிக்கு அனுப்பும் கடிதத்துக்காக என் வீட்டில் கூடினோம். பார்வையற்ற ஆசிரியையான தோழி முதலிலேயே பிடித்துக்கொண்டார்: "நீங்கள் எல்லோரும் சாய்தளத்தையே சுற்றி வருகிறீர்கள். பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று எனக்கு யார் சொல்வது? கணினித் திரையைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் படிக்காத விண்ணப்பத்தை நான் எப்படி நிரப்புவது?" காது கேளாத இளைஞர், மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் சைகைமொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றார். இரண்டும் கடிதத்தில் ஏறின. விதிகளை நிறைவேற்றும் காலக்கெடுவில்தான் இழுபறி. நடைமுறைக்கு ஒத்துவர வேண்டுமே என்று சிலர் அவகாசம் கொடுக்கச் சொன்னார்கள். நான் இணங்கவில்லை. கதவின் அகலம் 90 சென்டிமீட்டர் என்றால் அதை எழுத வேண்டும். சரிபார்த்து ஒப்பமிடுகிற அதிகாரியின் பதவியையும் எழுத வேண்டும். புதிய கட்டடத்துக்கு அவகாசம் எதற்கு?

நள்ளிரவுக்கு முன் முடித்தோம். நான் எடுத்த அளவுகளையும் படங்களையும் இணைத்திருக்கிறோம். மேல்முறையீட்டு மனுவும் தயார். இரண்டும் திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போகின்றன.